குயவன் வீட்டுத் தலைகள்

நைஜீரியா நாட்டின் தென்மேற்குப் பகுதியில் வாழும் யொருபா மக்களிடையே ஒருவனை வைவதற்கு வழங்கும் சொற்களுள் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று ‘ஒலொரிபுருக்கு’ என்பது. லாகொஸ் நகரின் சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் நாள்தோறும் ஒலிக்கும் சொல் இது. ‘கெட்ட தலைக்கு உரியவன்’ என்று இதனை மொழிபெயர்க்கலாம். வையப்படுபவனின் அறிவையோ அழகையோ பழிக்கும் சொல்லன்று. அவன் இவ்வுலகிற் பிறப்பதற்கு முன்னரே, விண்ணுலகில், தவறான தலையொன்றைத் தெரிந்தெடுத்துக்கொண்டு வந்துவிட்டான் என்பதே அதன் உட்கிடை. இதற்கு எதிரான சொல்லும் உண்டு. ‘ஒலொரிரே’ என்றால் நல்ல தலைக்கு உரியவன், பேறு பெற்றவன்.

‘தலையெழுத்து’, ‘தலைவிதி’ என்னும் சொற்களோடு வளர்ந்த நமக்கு இது பழகிய செய்திபோலத் தோன்றும். ஆனால் ஒற்றுமை தலையளவில் நின்றுவிடுகிறது. நமது வழக்கில் எழுதுபவன் பிரமன். மனிதன் எழுதப்படுவதற்கு நெற்றியைக் கொடுத்தவன் மாத்திரமே. யொருபா வழக்கிலோ எழுதுவார் ஒருவருமில்லை. சந்தையிற் பானை வாங்குபவனைப்போல மனிதன் தானே சென்று, தன் கையாலே எடுத்து வருகிறான். முற்பிறப்பின் நல்வினை தீவினைகளைக் கூட்டிக் கழித்து வழங்கப்படும் தீர்ப்பும் அன்று அது. அப்படியாயின், ஒருவன் வாழ்வு சிறந்ததற்கும் சீரழிந்ததற்கும் யார் பொறுப்பு? இக்கேள்வியை யொருபா மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைச் சில ஆண்டுகளாக வாசித்து வந்திருக்கிறேன். அவர்கள் விடையைவிட, அதனைச் சொல்லும் முறை என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது.

மனிதப் படைப்பு அவர்கள் கருத்துப்படி ஒருவர் கைவேலை அன்று. ஒபாதாலா என்னும் தெய்வம் களிமண்ணால் உடலை வனைகின்றது. முழுமுதற் கடவுளாகிய ஒலொடுமாரே அதனுள் ‘எமி’ என்னும் உயிர்மூச்சை ஊதுகிறார். உயிர் பெற்ற அவ்வுருவம் அதன்பின் மூன்றாவது ஓரிடத்திற்குச் செல்லவேண்டும். அஜாலா என்னும் குயவனின் வீடு அது. அங்கே சூளையிலிருந்து இறக்கிய தலைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். உடலோடு காணப்படும் புறத்தலையினின்று வேறாகிய அகத்தலை இது. ‘ஒரி இனு’ என்பர். சுருக்கமாக ‘ஒரி’ என்றாலும் அதுவே. மனிதனின் ஊழும் அவனைக் காக்கும் தனித்தெய்வமும் அதுதான்.

இந்த அஜாலாவைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். தலை வனைவதில் வல்லவன், ஆயின் பொறுப்பற்றவன். சில தலைகளைப் பதமாகச் சுடுவான். சிலவற்றைப் பாதி வேகவிட்டு இறக்குவான். வேறு சில சூளையிலேயே கருகிப்போகும். போதாக்குறைக்குக் கடன்காரன். பணம் கேட்டு ஆட்கள் வாசலில் வந்து நின்றால் வீட்டு முகட்டில் ஏறி ஒளிந்துகொள்வான். நல்லதும் தீயதுமாகிய தலைகளையெல்லாம் ஒரே நிறத்தில், ஒரே மெருகில் அடுக்கிவைத்திருப்பான். வெளிப்பார்வைக்கு வேற்றுமை தெரியாது. உலகத்துச் சமயங்கள் விண்ணுலகில் எத்தனையோ வகையான தெய்வங்களைக் குடியமர்த்தியிருக்கின்றன. மனித குலத்தின் தலைவிதி முழுவதையும் ஒரு கடனாளிக் குயவனின் கையில் ஒப்படைத்த துணிவு யொருபா மக்களுடையது. உலகில் நாம் கண்கூடாகக் காணும் ஏற்றத்தாழ்வுக்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் கண்டதில்லை.

அவன் வீட்டுக்குத் தலை தெரியச் சென்ற நண்பர் மூவரின் கதை, இஃபா என்னும் குறிமரபின் வாய்மொழி இலக்கியத்தில் வழங்குகிறது. அவ்விலக்கியத்தைத் தொகுத்து ஆராய்ந்த பேராசிரியர் வாண்டே அபிம்போலா 1976 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் வாயிலாக இம்மரபு வெளியுலக வாசகரையும் எட்டியது. கதையை என் சொற்களிற் சுருக்கித் தருகிறேன்.

ஒரிசேக்கு என்பவன் இரும்புத் தெய்வமாகிய ஒகுனின் மகன். ஒரிலேமேரே என்பவன் இஜாவின் மகன். மூன்றாமவன் அஃபுவாபே, குறித்தெய்வமாகிய ஒருன்மிலாவின் மகன். மூவரும் மண்ணுலகுக்குப் புறப்பட எண்ணி, அஜாலாவிடம் தலை பெறச் சென்றனர். வழியில் அஃபுவாபே தன் தந்தையைக் கண்டுவிட்டு வருவதாகச் சொன்னான். மற்றிருவரும் அதுவரை காத்திருக்க விரும்பவில்லை. நேரே அஜாலாவின் வீட்டை அடைந்தனர். அவன் அங்கில்லை. அடுக்கிக் கிடந்த தலைகளுட் கண்ணுக்குப் பெரிதாகவும் புதிதாகவும் பட்டவற்றைத் தாமே எடுத்துப் பொருத்திக்கொண்டனர். அவை சரிவரச் சுடப்படாதவை என்பதை அவர்கள் அறியார். மண்ணுலகுக்கு வரும் வழியிற் பெருமழை பிடித்தது. வேகாத மண் நீர்பட்டுக் கரைந்தது. அவர்கள் ஊர் வந்து சேர்ந்தபோது தலை தேய்ந்து பாதியாகியிருந்தது. அதன் பின்னர் எத்தனை பாடுபட்டும் அவர்கள் முன்னேறவில்லை.

அஃபுவாபே தந்தையிடம் சென்றபோது அங்குக் குறி பார்த்தவர்கள், உப்பும் சோழிக் காசும் கொடுத்து வேள்வி செய்யும்படி கூறினர். அதிலொரு பங்கு அவன் வழிப்பயணத்துக்காகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. போகும் வழியில் வாயிற்காவலன் ஒருவன் குழம்பு காய்ச்சிக்கொண்டிருந்தான். உப்புக்குப் பதிலாகச் சாம்பலை இட்டுக்கொண்டிருந்தான். உப்பு என்றொரு பொருளை அவன் அறியான். அஃபுவாபே தன் பையிலிருந்த உப்பிற் சிறிது இட்டான். சுவைத்துப் பார்த்த காவலன் மகிழ்ந்து, எஞ்சிய உப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு, அஜாலாவின் வீட்டுக்குத் தானே வழிகாட்டி வந்தான். வீட்டு வாசலிற் கடன் கொடுத்தவன் கூச்சலிட்டுக்கொண்டிருந்தான்; அஜாலா முகட்டில் ஒளிந்திருந்தான். அஃபுவாபே தன் சோழிக் காசைக் கொடுத்து அக்கடனைத் தீர்த்தான். குயவன் இறங்கிவந்தான். கையில் இரும்புக் கோலொன்றை எடுத்து ஒவ்வொரு தலையாகத் தட்டினான். சில உடைந்தன. கடைசியில் ஒன்று கணீரென்று ஒலித்தது. அதனை எடுத்து அஃபுவாபேயிடம் கொடுத்தான். அதே மழை அவன்மீதும் பெய்தது. அவன் தலைக்கு ஒன்றும் நேரவில்லை.

பானை வாங்குவோர் தட்டிப் பார்த்து வாங்கும் செயல், ஊழைப்பற்றிய பெருங்கதையொன்றின் உச்சக் கட்டமாகிவிட்டது. இதன் எளிமையை என்னால் வியக்காமலிருக்க முடியவில்லை.

உடைந்த தலையோடு வந்தவனின் நிலை என்ன? அபிம்போலா தரும் விளக்கம் நெஞ்சைத் தொடுவது. அவன் உழைப்பின் பயன் அவனுக்குக் கிட்டாமற் போவதில்லை. ஆனால் அது முழுவதும் கரைந்த தலையைச் செப்பனிடுவதிலேயே செலவாகிவிடுகிறது. நல்ல தலையோடு வந்தவன் ஈட்டியதைக்கொண்டு வீடு கட்டுகிறான். மற்றவன் ஓட்டையை அடைக்கிறான். ஆண்டு முழுவதும் உழைத்து ஆண்டு முடிவில் தொடங்கிய இடத்திலேயே நிற்கும் குடும்பங்களை அறிந்தவர்கள் இவ்விளக்கத்தை வெறுங்கற்பனை என்று தள்ளிவிடமாட்டார்கள்.

எனினும் இக்கதையில் என்னை உறுத்துவது ஒன்றுண்டு. அஃபுவாபேக்கு வாய்த்த தந்தை ஒருன்மிலா. மனிதர் தலை தெரியும்போது அருகில் நின்ற சாட்சி என்பது அத்தெய்வத்தின் சிறப்புப் பெயர். விதியின் சாட்சியே வீட்டிலிருக்கும்போது மகன் நல்ல தலை தேடிக்கொண்டதில் வியப்பென்ன? படித்த தந்தையின் மகன் பரீட்சையில் தேறுவதுபோன்ற கதையன்றோ இது என்று கேட்கத் தோன்றுகிறது. மற்றிருவரும் தெய்வங்களின் மக்களே என்றும், கேட்டிருந்தால் அவர்களுக்கும் வழி கிடைத்திருக்கும் என்றும் விடையிறுக்கலாம். கதையோ அதற்கு விடைகூற முற்படவில்லை. நண்பர் இருவரும் அஃபுவாபேயின் வளத்தைக் கண்டு அழுவதையும், மூவரும் தலை எடுத்தது ஒரே வீட்டிலேதான் என்பதையும் சொல்லி அது நின்றுவிடுகிறது.

யொருபா அறிஞர்களையும் இவ்விடம் உறுத்தியே வந்திருக்கிறது. 1962 ஆம் ஆண்டு ஒலொடுமாரேயைப்பற்றிய நூலை வெளியிட்ட போலாஜி இடோவு, ஊழைக் குறிக்க யொருபா மொழியில் மூன்று சொற்கள் வழங்குவதை எடுத்துக்காட்டினார். ‘அகுன்லெயான்’ என்றால் மண்டியிட்டுத் தெரிந்தது. ‘அகுன்லெக்பா’ என்றால் மண்டியிட்டுப் பெற்றது. ‘அயான்மோ’ என்றால் ஒருவன்மீது ஒட்டவைக்கப்பட்டது. தெரிதல், பெறுதல், ஒட்டப்படுதல் ஆகிய மூன்றும் ஒன்றாகா. தெரிந்தவன் பொறுப்பாளி, பெற்றவன் பாதிப் பொறுப்பாளி, ஒட்டப்பட்டவன்மீது பழி சொல்ல இயலாது. மூன்று சொற்களையும் ஒரு மொழி பக்கத்திற் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பதே அதனைப் பேசும் மக்களின் ஐயத்தைக் காட்டுகிறது என்பது என் எண்ணம். அவ்வையத்தை அவர்கள் மூடி மறைக்கவில்லை.

1991 ஆம் ஆண்டு யொருபா மெய்யியல்பற்றி எழுதிய செகுன் பாடெகெசின் இதனை இன்னும் கூர்மையாக்கினார். ஒன்றன் தன்மை அறியாமல் எடுப்பதைத் தெரிவு என்று சொல்லலாமா என்பது அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று. பின்வந்தோருட் சிலர், ஊழ் வாழ்க்கையின் பருவரையை மாத்திரம் வகுக்கிறது, செயலுக்கு அது இடம் விடுகிறது என்று சமாதானம் கூறினர். மெய்யியல் வகுப்பறைக்கு இவை போதுமானவை. சாதாரண யொருபா மனிதன் இவ்விடர்ப்பாட்டைத் தாண்டுவது வேறு வழிகளால்.

அவற்றுள் ஒன்று கால். ஆம், கால்தான், ‘எஸெ’ என்பர். தலைகளெல்லாம் கூடி ஒரு காரியத்துக்குத் திட்டமிட்டனவாம். காலை அழைக்க மறந்துவிட்டன. எசு என்னும் தெய்வம் அதனைச் சுட்டிக் காட்டியது. கால் இல்லாமல் அத்திட்டம் நிறைவேறவில்லை. நல்ல தலை பெற்றவனும் எழுந்து நடக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படுவது. வேறொன்று ‘இவா’, அதாவது ஒழுக்கம். நல்ல தலையைத் தீயொழுக்கத்தாற் கெடுத்துக்கொள்ளலாம். பிறர் பொறாமையும் அதனைக் கெடுக்கலாம். ஆகவே தலை என்பது ஒருமுறை எடுத்து முடிந்துபோன பொருளன்று; சுவரும் கூரையும்போல இடையறாது பேணப்படவேண்டியது. சோம்பேறி ஒருவன் தன் ஒரியைச் சாட்டித் தப்புவதற்கு இங்கு இடமில்லை. வகுப்பிற் பின்தங்கிய பிள்ளையை நோக்கி ‘உன் தலையில் அவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்லும் ஆசிரியருக்கும் இடமில்லை. தலையின் அளவை அவர் எப்படி அறிந்தார்?

உண்மையில், தலைக்கு உரியவனே அதனை அறியான். விண்ணுலகின் எல்லை வாயிலைக் கடந்து வரும்போது தான் தெரிந்ததை மனிதன் மறந்துவிடுகிறான். அதனை மீள நினைவுறுத்துவதே இஃபா குறியின் நோக்கம். ‘பபலாவோ’ எனப்படும் குறிகாரர் 16 பனங்கொட்டைகளை ஒரு கையிலிருந்து மறுகையால் அள்ளுவார். ஒன்று எஞ்சினால் இரு கோடும், இரண்டு எஞ்சினால் ஒரு கோடுமாக, மரத்தட்டிற் பரப்பிய பொடியிலே விரலாற் கீறுவார். இவ்வாறு எட்டு முறை கீறிய உருவங்கள் 256 வகைப்படும். ஒவ்வொன்றுக்கும் உரிய பாடல்கள் பல. அவற்றை மனப்பாடமாகக் கற்பதற்கு நீண்ட காலம் செல்லும். குறி கேட்க வந்தவர் தமது குறையைக் காசொன்றினிடம் மெல்லச் சொல்வாரேயன்றிக் குறிகாரரிடம் சொல்வதில்லை. ஓதப்படும் பாடல்களுள் எது தமக்குப் பொருந்துகிறது என்று கண்டுகொள்பவரும் அவரே. 1969 ஆம் ஆண்டு இக்குறிமுறையை விரிவாக விளக்கி நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் பாஸ்கம் இதனை வற்புறுத்தியிருக்கிறார். விண்ணிலே கண்மூடித் தெரிந்த மனிதனுக்கு மண்ணிலே காது திறந்து தெரிய மீண்டுமொரு வாய்ப்பு அளிக்கப்படுகிறது என்று இதனை நான் விளங்கிக்கொள்கிறேன். 2005 ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இஃபா மரபை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றென அறிவித்தது.

அறிந்த தலையை வழிபடவும் வேண்டும். எத்தெய்வமும் ஒருவனுடைய ஒரியின் சம்மதமின்றி அவனுக்கு அருள்செய்ய இயலாது என்பது யொருபா நம்பிக்கை. ஊர்த்தெய்வங்கள் ஆயிரம் பேருக்குப் பொதுவானவை. ஒரி ஒருவனுக்கே உரியது. பிறப்பிற்கு முன்னிருந்து இறப்புவரை உடன்வருவது. எனவே தலைக்கே படையல் உண்டு. வசதி படைத்தோர் தம் அகத்தலைக்குச் சிறு வீடொன்றும் அமைத்து வைத்திருந்தனர். தோலாலும் துணியாலும் செய்த கூம்பு வடிவமான பேழை அது; மேலே நெருக்கமாகச் சோழிகள் தைக்கப்பட்டிருக்கும். ‘இலே ஒரி’, தலையின் வீடு, என்பது அதன் பெயர். உரியவர் இறந்தபின் அதனைக் கலைத்துவிடுவது வழக்கம். ஒருவர் தலையை மற்றொருவர் முதுசமாகப் பெறமுடியாதன்றோ. யொருபா மரச் சிற்பங்களில் தலை உடலின் அளவுக்குப் பொருந்தாமற் பெரிதாக அமைந்திருப்பதும் இதன்பொருட்டே. சிற்பிக்கு அளவு தெரியாமற் போகவில்லை. 1938 ஆம் ஆண்டு இஃபே நகரிற் கட்டடத்துக்கு நிலம் தோண்டியபோது வெளிப்பட்ட உலோகத் தலைகளைப் பார்த்தவர்கள் அச்சந்தேகத்தைக் கைவிடுவர். ஏறத்தாழ 600, 700 ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்முகங்கள் உயிருள்ள மனிதரின் அளவும் அமைதியும் உடையவை.

இலே ஒரியை மூடிய அந்தச் சோழிகளைப்பற்றி ஒரு வார்த்தை. அவை ஆபிரிக்கக் கரையிற் பிறந்தவையல்ல. மேற்காபிரிக்காவிற் காசாக வழங்கிய சோழியின் பெரும்பகுதி மாலைதீவுக் கடலிலிருந்து சென்றது. ஒல்லாந்தர் காலத்தில் அது நமது காலித் துறைமுகம் வழியாகவும் கப்பலேறி, ஐரோப்பாவை அடைந்து, அங்கிருந்து கினிக் கரைக்குச் சென்றது. அங்கு அதைக்கொண்டு வாங்கிய பொருள்களுள் மனிதரும் இருந்தனர். தலையைப் போற்ற அடுக்கிய அதே சிப்பியே தலைக்கு விலையாகவும் எண்ணப்பட்டது.

யொருபா ஊழ்க் கொள்கை சந்தித்த மிகக் கடுமையான சோதனை இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒயோ பேரரசு சிதைந்தபோது ஊர்கள் பல எரியுண்டன. ஆயிரமாயிரம் மக்கள் பிடிபட்டு விற்கப்பட்டனர். 1821 ஆம் ஆண்டு ஒசோகுன் என்னும் ஊர் அவ்வாறு அழிந்தபோது பிடிபட்டோருள் அஜாயி என்னும் சிறுவனும் ஒருவன். பிறக்கும்போது முகங்குப்புற வந்த குழந்தைக்கு யொருபா மக்கள் இடும் பெயர் அஜாயி. விண்ணிலிருந்தே கொண்டுவந்த பெயர் என்று அதனைச் சொல்வர். பலமுறை கைமாறி, ஒருகட்டத்தில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளவும் எண்ணி, முடிவிற் போர்த்துக்கேயரின் கப்பலில் ஏற்றப்பட்டான். 1822 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆங்கிலக் கடற்படைக் கப்பலொன்று அதனை மறித்து அடிமைகளை மீட்டுச் சியரா லியோனில் இறக்கியது. அச்சிறுவனே பின்னர் சாமுவேல் அஜாயி குரோதர் என்ற பெயரோடு யொருபா மொழிக்குச் சொற்றொகுதி வெளியிட்டு, விவிலியத்தை அம்மொழியில் ஆக்கிய பணிக்குத் தலைமைதாங்கி, 1864 ஆம் ஆண்டு அங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆபிரிக்க ஆயரானவர். 1846 ஆம் ஆண்டு அபேயொகுத்தா நகரிற் பிரிந்த தாயை மீளவும் கண்டார்.

பிடிபட்ட நாளைத் துன்ப நாள் என்றும், அதே மூச்சில் ஆசீர்வதிக்கப்பட்ட நாள் என்றும் குரோதர் எழுதினார். அவர் கிறித்தவராக நின்று இறைவனின் திருவருளைக் கருதிச் சொன்னார். ஒசோகுன் ஊரின் முதியோர் உயிரோடிருந்திருந்தால் அவருடைய தலை நன்கு சுடப்பட்ட தலை, மழைக்குத் தாங்கியது என்றிருப்பர். சரி, ஆனால் அன்று அதே கயிற்றிற் பிணைக்கப்பட்டு நடந்த ஏனையோர்? ஓர் ஊர் முழுவதுமே அஜாலாவின் வீட்டில் வேகாத தலைகளையா எடுத்தது? குயவனின் கதை ஒவ்வொரு தனிமனிதனுக்காகவும் செய்யப்பட்டது. ஊரோடு கொளுத்தும் படைக்கும், துப்பாக்கிக்கும், கப்பலுக்கும் அதில் இடமில்லை. தனிமனித ஊழைக்கொண்டு வணிகனின் குற்றத்தை விளக்கப்புகுவது குற்றவாளியைத் தப்பவிடுவதாகும் என்றே நான் கருதுகிறேன். இக்குறை யொருபா சமயத்துக்கு மாத்திரம் உரியதன்று. ஊழைப் பேசும் எச்சமயத்தையும் இக்கேள்விமுன் நிறுத்தலாம்.

விற்கப்பட்டோர் அக்கொள்கையைக் கைவிடவில்லை என்பதுதான் வியப்பு. பிறேசில் நாட்டின் பாகியா மாநிலத்துக்கும் கியூபாத் தீவுக்கும் கொண்டுசெல்லப்பட்ட யொருபா மக்கள் ஊரை இழந்தனர், பெயரை இழந்தனர், பலர் மொழியையும் இழந்தனர். தலைக்குப் படைக்கும் சடங்கு மாத்திரம் கடல் கடந்து பிழைத்தது. பாகியாவில் இன்றும் அதனை அதே யொருபாச் சொல்லால் ‘போரி’ என்று அழைக்கின்றனர். சடங்குக்கு உரியவர் வெள்ளாடை உடுத்திப் பாயில் அமர்வார். உணவும் நீரும் முதலில் அவர் வாய்க்கன்று, தலைக்கே காட்டப்படும். பின்னர் அதிற் சிறிது தலையில் வைத்து வெள்ளைத் துணியாற் கட்டப்படும். அவர் இரவை அப்பாயிலேயே கழிப்பார். கூடியிருப்போர் அவரோடு உணவைப் பகிர்ந்துண்டு, உறங்கும் தலைக்கு இடையூறு நேராதவாறு தாழ்ந்த குரலிற் பேசிக்கொண்டிருப்பர்.